பென்ஷன்காரரும் பழைய புல்லட்டும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் முதல் மாதம் தூங்குகிறார். இரண்டாம் மாதம் பத்திரிகையை வரி விளம்பரம் வரையில் படிக்கிறார். மூன்றாம் மாதம் சமையலறைக்குள் நுழைந்து, பருப்புக்கு எவ்வளவு உப்பு என்று யோசனை சொல்லத் தொடங்குகிறார். வீட்டில் சச்சரவு ஆரம்பமாவது அங்கேதான். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆயிற்று; 2021-ல் 60 ஆயிற்று. அறுபதில் வீட்டுக்கு வருகிற மனிதருக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷங்கள் கையும் காலும் நன்றாகவே ஓடும். காலுக்குக் கோயில் இருக்கிறது, பூங்கா இருக்கிறது. கைக்கு என்ன வேலை என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

சிலர் மனை வாங்கி விற்கப் போகிறார்கள். சிலர் பேரக் குழந்தைகளின் வீட்டுப் பாடத்தில் தலையிடுகிறார்கள். இன்னும் சிலர், மிகச் சிலர், மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் பழைய மோட்டார் சைக்கிளை வெளியே இழுக்கிறார்கள். "இந்த வயசிலே இது எதுக்கு?" என்று மனைவி கேட்கிறார். மகன் சிரிக்கிறான். காயலாங்கடைக்காரர் கிலோவுக்கு என்ன விலை என்று கணக்குப் போடுகிறார். இவர்கள் மூவருக்கும் எதிராக, இழுத்தவரின் பக்கத்தில் நிற்க இன்று நாம் விரும்புகிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கப் போவதில்லை.

ஜவ்வாது மலையை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த மலைக்குப் போளூர்ப் பக்கமிருந்தும் ஏறலாம். ஆலங்காயம் பக்கமிருந்தும் ஏறலாம். சாமை விளையும் சரிவுகளுக்கு நடுவே ஜமுனாமரத்தூர் இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் காட்டுக்குள் அங்குமிங்குமாகச் சிதறியிருக்கின்றன. இப்படிப்பட்ட மலையில் வேலைக்குப் போன ஆசிரியருக்கும், காட்டிலாகா சிப்பந்திக்கும், கிராம நிர்வாக அதிகாரிக்கும் மோட்டார் சைக்கிள் ஓர் அலங்காரப் பொருளாக இருந்திருக்க முடியாது. பஸ் வராத இடத்துக்குச் சம்பளமும், பரீட்சைத் தாளும், மருந்துப் பெட்டியும் போய்ச் சேர்ந்தது இரண்டு சக்கரத்தின் மேல்தான். நகரத்துச் சேகரிப்பாளர் பழைய வண்டியைப் பார்ப்பதற்கும், மலையடிவாரத்து மனிதர் அதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னவருக்கு அது அருமையான சாமான். பின்னவருக்கு அது கூட உழைத்த ஆள்.

அப்படி உழைத்த வண்டிகளில் முதல் பெயர் புல்லட். அதன் பூர்வோத்தரம் பாதி இங்கிலாந்து, பாதி திருவொற்றியூர். ரெட்டிச் என்ற ஆங்கிலேய ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி தனது முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது 1901-ல். புல்லட் என்ற பெயர் பிறந்தது 1932-ல். நம் ராணுவம் அந்த வண்டியை எல்லைக் காவலுக்கென்று விரும்பி வாங்க, சென்னையில் அதை இறக்குமதி செய்துவந்த மெட்ராஸ் மோட்டார்ஸாரும் ரெட்டிச் கம்பெனியும் 1955-ல் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை அமைத்தார்கள். மறு வருஷம் திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறந்தது. முதலில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கும், இங்கே பூட்டுவார்கள். அந்த 1956-ம் வருஷக் கடைசிக்குள் பூட்டி முடிந்தவை 163 வண்டிகள். பிறகு பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வதே நின்றது. தாய் வீடு மூடின பிறகும் திருவொற்றியூரில் உலை அணையவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று! நம் ஊர்த் தொழிலாளிகள் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1994-ல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறியது.

மைசூரிலிருந்து வந்தது ஜாவா. 1960-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா கம்பெனி, செக்கோஸ்லோவாக்கிய வண்டியை இங்கே செய்தது. 1970-களில் எஸ்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1996-ல் கதவை மூடியது. பழைய பெயர்கள் 2018-லும் 2022-லும் புது வண்டிகளின் மேல் திரும்பி வந்திருப்பது வேறு கதை. ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் பால்காரர்களின் நண்பன். இவை எல்லாவற்றையும் பற்றிப் பேச இடமில்லை, புல்லட்டையே எடுத்துக்கொள்வோம்.

பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டின் எஞ்சின் 346 சி.சி. பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. அகலத்தைவிட ஏற்றம் நீளமானதால்தான் அந்த நிதானமான 'டக் டக்' சத்தம். அதனால்தான் அவசரப்படாமல் மேடு ஏறும் இழுவையும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. காற்று, பெட்ரோல், பொறி மூன்றும் சரியாக இருந்தால் வண்டி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று சரியில்லை. ஓய்வு பெற்ற மனிதருக்கு இதைவிட நேர்மையான எதிராளி கிடைக்க மாட்டான். ஆபீசில் ஒரு ஃபைல் ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிக்க முப்பது வருஷம் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், ஒரு மோட்டார் சைக்கிள் ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிப்பது சுகமான காரியம்.

வேலையை எப்படித் தொடங்குவது? ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுக்க வேண்டும். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அதில் உள்ளபடி இருக்கின்றனவா என்று துருவைத் துடைத்துப் பார்க்க வேண்டும். நம்பர் பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அழகான வண்டி, நல்ல விலை, 'பேப்பர் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கணும் சார்' என்று ஒருவர் சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். பென்ஷன்காரர் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவதற்கா ஓய்வு பெற்றார்?

அடுத்தபடி, எதையும் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வது. இந்த ஒரு விஷயத்தில் மகனோ பேரனோ உபயோகப்படுவார்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் டப்பாவில் போட்டுச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். ஆபீசில் கற்ற பழக்கம் இங்கே பலன் தரும். இருபது வருஷமாக அசையாத நட்டை முழு பலத்தோடு திருப்புகிறவர் அதை உடைக்கிறார்; எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருப்பவர் கழற்றுகிறார். காத்திருக்க நேரமுள்ளவர் யார்? பட்டறைக்காரருக்கு நேரமில்லை, வாலிபனுக்குப் பொறுமையில்லை. இந்த வேலை ஓய்வு பெற்றவருக்கென்றே அமைந்தது என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சிலிண்டரைப் போரிங் செய்து புதுப் பிஸ்டன் போடுவது கடைசல் பட்டறை வேலை. அதை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் வால்வுக்குப் போகும் இரண்டு தள்ளு கம்பிகளைச் சரி செய்வதை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கம்பி விரலால் உருட்டினால் தாராளமாக உருள வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. கேட்பதற்குச் சுலபம். முதல் முறை செய்கிறவருக்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் போகும். விரலில் அந்த உணர்ச்சி வந்துவிட்டால் பிறகு மறக்காது. பொறிக்கான பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதற்கு ஒரு ஃபீலர் கேஜும் ஒரு மூக்குக் கண்ணாடியும் போதும்.

பிறகு ஸ்டார்ட் செய்யும் வித்தை. இதிலே பலம் காட்டுகிறவர் முழங்காலை இழப்பார். பழைய புல்லட் திருப்பி உதைத்தால் அறுபது வயது மூட்டு தாங்காது. சாவியைத் திருப்பிவிட்டு, இடது கையிலுள்ள சிறிய டீகம்ப்ரஷன் நெம்பை அழுத்தியபடி, விளக்குக் கூட்டின் மேலுள்ள அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த முள் நடுவுக்கு வரும். நெம்பை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக ஒரு மிதி. அவ்வளவுதான். குஸ்தி பயில்வான் பத்து உதை உதைத்தும் கிளம்பாத வண்டியை, இதைத் தெரிந்த ஒடிசலான கணக்கு வாத்தியார் ஒரே மிதியில் கிளப்பிவிடுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பின் பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் இது நேர்மாறு. காலையில் மகனின் வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மாலையில் இதை எடுக்கிறவர், குறுக்கே ஆடு ஓடிவந்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. முதல் ஒரு மாதம் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. டிரைவிங் லைசென்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் புதுப்பிக்கிறவர்களுக்கு அது ஐந்து ஐந்து வருஷத்துக்குத்தான் கிடைக்கும். டாக்டரின் சான்றிதழும் வேண்டும். சர்க்காரின் தொந்தரவு என்று இதை முணுமுணுக்கிறவர்களோடு நாம் சேரமாட்டோம். இருட்டில் எதிரே வரும் விளக்கு இரண்டாகத் தெரிகிற கண்ணோடு மலைப் பாதையில் ஏறுகிறவரால் அவருக்கு மட்டும் ஆபத்தில்லை.

சர்க்காரோடு நாம் வாதாட வேண்டிய இடம் வேறு. பதினைந்து வருஷம் கழிந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாய் ஆயிற்று. இருபது வருஷத்தைத் தாண்டியதற்கு 2025-ல் 2,000 ரூபாய் என்றார்கள். புகை கக்கும் பழைய லாரிகளைச் சாலையிலிருந்து அகற்றுவதற்கு இது நியாயமாக இருக்கலாம். மாதத்துக்கு நாலு தரம் வெளியே வரும் வண்டியையும் அதே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்? 2021-ல் வந்த புராதன வண்டிகளுக்கான விதி ஓரளவு யோசித்துச் செய்யப்பட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டதும், மூல உருவம் மாறாததுமான வண்டிக்குத் தனி வரிசையில் பதிவு உண்டு. ஆனால் புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவோடு கண்காட்சிக்குப் போகலாம், பந்தய ஊர்வலத்துக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். அன்றாட உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடக்கும். போளூர்க்காரருக்கு என்ன பயன்? அவருக்குச் சாதாரணப் பதிவை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொள்வதுதான் நல்லது. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று ஒரு வரம்பு கட்டி, அதற்குக் குறைந்த கட்டணம் வைத்தால் சர்க்காரின் கஜானா காலியாகிவிடாது. சம்பந்தப்பட்டவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025-லிருந்து நம் நாட்டில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு, தானிய விவசாயிக்கு வருமானம், அந்நியச் செலாவணி மிச்சம் என்பதெல்லாம் சரி. ஆனால் 1970-களில் செய்த ரப்பர்க் குழாயும் தக்கையும் எத்தனாலைக் கனவிலும் கண்டதில்லை. அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். கார்புரேட்டரில் பச்சை பூத்துவிடும். ஆகவே குழாய், வாஷர், பெட்ரோல் குழாய்த் தக்கை ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட வேண்டும். வண்டியை நிறுத்தி வைப்பதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட வேண்டும். இதைவிடச் சிறந்த வைத்தியம், வாரம் ஒரு முறையாவது ஓட்டுவது.

பணம் எவ்வளவு ஆகும்? இந்தக் கேள்விக்கு ஒரே தொகையாகப் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். குரோமியப் பூச்சு ஒரு பக்கம், சக்கரக் கம்பி ஒரு பக்கம், ஒயரிங் ஒரு பக்கம் என்று சிறுகச் சிறுகப் போகும். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு விளக்கு மூடிக்காக நாலு தரம் அலைந்தால் மூடியின் விலையைவிடப் பஸ் செலவு அதிகமாகும். முடிந்த வண்டியை விற்றால் போட்டது வரும் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். கிராஜுவிட்டிப் பணத்தில் கை வைக்கக் கூடாது. மாதப் பென்ஷனில் இவ்வளவுதான் என்று மனைவியிடம் சொல்லி, அந்த வரம்புக்குள் நின்றால், ஒரு வருஷத்தில் முடிவது இரண்டு வருஷம் ஆகும். ஆகட்டுமே! முடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதானே பெரிய கஷ்டம்?

வண்டியைப் புத்தம் புதிதாக ஆக்க வேண்டுமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. டாங்கியில் முகம் பார்க்கும்படி மெருகேற்றிக் கண்ணாடிக் கூண்டில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நமக்குச் சம்மதமில்லை. திருவொற்றியூரில் டாங்கியின் மேல் தங்க நிறக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே போட்டார்கள். அந்தக் கோடு லேசாக மங்கியிருந்தால் மங்கினபடியே இருப்பது அழகு. அதை அழித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுவது பாவம் என்று சொன்னால் மிகையாகாது. பிரேக், டயர், ஒயர், கேபிள் - இவை நூற்றுக்கு நூறு புதிதாக இருக்கட்டும். மற்றதில் வயது தெரியட்டும்.

பழைய வண்டியைவிட வேகமாக மறைந்து வருவது அதைத் தெரிந்த மெக்கானிக். சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, "ஐயா, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுங்க" என்று கேட்டு, காதாலேயே நோயைக் கண்டுபிடித்தவர் அவர். 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்த பிறகு வண்டிகளில் கார்புரேட்டர் போய், கருவியைச் சொருகிப் படிக்கும் முறை வந்துவிட்டது. அவருடைய பையன் அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டான். பெரியவரிடம் கற்க ஆளில்லை. அவர் எழுதி வைக்கிற பழக்கமுள்ளவரும் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு காரியம் நடக்கும். வண்டி சரியாகும், அவர் சொல்வது நோட்டுப் புத்தகத்தில் ஏறும். கூலியில் மட்டும் பேரம் பேசக் கூடாது. முப்பது வருஷப் பாடத்துக்கு அது ட்யூஷன் பீஸ்.

கையால் செய்த கருவிக்கு இந்த மலையில் ஒரு சரித்திரமே உண்டு. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியில் இருக்கிறது காவலூர் வான ஆராய்ச்சி நிலையம். வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1968-ல் அங்கே முதன் முதலாக நட்சத்திரங்களைப் பார்க்க வைத்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அது சீமையிலிருந்து வந்ததல்ல. அவர்களுடைய சொந்தப் பட்டறையிலேயே செய்துகொண்டது. 1972-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டென்று உலகம் அறிந்தபோது, அதைக் கண்ட கண்களில் அதுவும் ஒன்று. பிறகு நம்மவர்களே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதை முழுமையாகப் பார்க்க பாப்பு இல்லை, 1982-ல் காலமாகிவிட்டார். நிலையத்துக்கு இப்போது அவருடைய பெயர். மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கருவியைத் தானே திறந்து, தானே பூட்டத் தெரிந்தவனுக்கு அதனிடம் பயம் இருப்பதில்லை, அந்தச் சம்பந்தம்தான்.

வண்டி தயாராகிவிட்டது, மலைக்குத்தான் போகப்போகிறோம் என்று தீர்மானமானால் சில யோசனைகள். அடிவாரத்திலேயே டாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு கிளச் கேபிள், பிளக் ஸ்பானர், ஒரு கண்டெய்னரில் எஞ்சின் எண்ணெய் இவை பையில் இருக்கட்டும். தலைக்கவசம் தலையில் இருக்க வேண்டும், கைப்பிடியில் அல்ல. முதல் தரம் தனியாகப் போக வேண்டாம். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்வரை மேல் கியரில் இழுக்காமல் முன்கூட்டியே கியரைக் குறைக்க வேண்டும். பாதி வழியில் நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டால் வண்டிக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது. அந்தக் கால் மணி நேரத்தில் யாராவது ஒரு மலைக்காரர் வந்து நின்று, "இது அந்தக் காலத்து வண்டியில்ல?" என்று கேட்காமல் போகமாட்டார்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். பழைய டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஆகவே இரண்டாவது கியரில் வைத்து எஞ்சினையே பிரேக்காக உபயோகித்து இறங்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் உருளவிடுவது, பெட்ரோல் மிச்சம் என்று யார் சொன்னாலும், கூடவே கூடாது. அந்த முன்விளக்கு பெரும்பாலும் மின்மினிப் பூச்சிக்கு அண்ணன்தான். ஆகையால் மூன்று மணிக்கே ஜமுனாமரத்தூரில் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் போளூரையோ ஆலங்காயத்தையோ எட்டிவிட வேண்டும்.